ஆலயமும் சமுதாயக் கூடமும் ஒரே கூரையின் கீழ்: எதைப் பகிரலாம், எதைப் பகிரக் கூடாது

கேள்வி: கிழக்கு லண்டனில் எங்கள் தமிழ்ச் சபை இருக்கும் குடியிருப்பை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப் போகிறார்கள். பழைய ஆலயத்துக்கு ஈடாக, ஆலயமும் சமுதாயக் கூடமும் சேர்ந்த கட்டடம் ஒன்றைத் தருவதாகப் பேச்சு. கட்டடக் குழுவில் நானும் இருக்கிறேன். ஒரே பெரிய மண்டபமாகக் கட்டி எல்லாவற்றுக்கும் அதையே பயன்படுத்தலாம் என்கிறார்கள் பலரும். இது சரியா? வேறு எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

பதில்:

சரியில்லை என்பதே என் கருத்து. ஒரே பெரிய மண்டபம் காகிதத்தில் சிக்கனமாகத் தெரியும். கட்டி முடித்துக் குடிபுகுந்த பிறகுதான் அது சபைக்கும் சொந்த இடமாக இல்லை, அக்கம்பக்கத்தாருக்கும் இல்லை என்பது புரியும். சபையார் ஒவ்வொரு சனிக்கிழமை இரவும் பூப்பந்து வலையைக் கழற்றிவிட்டுப் பீடத்தைத் தள்ளிக்கொண்டு வருவார்கள். செவ்வாய்க்கிழமை யோகா வகுப்புக்கு வருகிற பெண், துணி போட்டு மூடிய சிலுவையைப் பார்த்துத் தயங்கி நிற்பார். ஆராதனைக்கென்று தனி அறை ஒன்று வேண்டும், அது எண்பது பேர் மட்டும் அமரக்கூடிய அறையாக இருந்தாலும் சரி. பகிர்ந்துகொள்ள வேண்டியவை அந்த அறைக்கு வெளியே இருக்கின்றன: வாசல், முன்கூடம், சமையலறை, கழிப்பறை, தோட்டம்.

பல்நோக்கு ஆலயம் என்ற யோசனைக்கு வயது அறுபதுக்கு அருகில் ஆகிறது. பர்மிங்ஹாமின் ஹாட்ஜ் ஹில் பகுதியில் 1968-இல் அப்படி ஒன்றைக் கட்டினார்கள். கட்டடக்கலைஞர் மார்ட்டின் பர்டி. அதற்குப் பின்னால் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் இறையியல் பேராசிரியர் ஜே. ஜி. டேவிஸின் வாதம் இருந்தது. புனிதம், உலகியல் என்று இடத்தைப் பிரிப்பதே பிற்காலத்துப் பழக்கம் என்பார் அவர். வரலாற்றளவில் அவர் சொன்னதில் பாதி உண்மை உண்டு. இங்கிலாந்தின் இடைக்கால ஆலயங்களில் மக்கள் நின்ற நீள்கூடத்தில்தான் ஊர்க்கூட்டம் நடந்தது, வழக்கு விசாரித்தார்கள், ஆலயச் செலவுக்குப் பணம் திரட்டப் பீர் காய்ச்சி விருந்தும் வைத்தார்கள். இருக்கைகளை வரிசையாக நிறுத்தி அந்த இடத்தை அடைத்தது பிறகு வந்த வழக்கம். ஆனால் மறுபாதியை மறந்துவிடக் கூடாது. அந்தக் காலத்திலும் பீடம் இருந்த பகுதியை மரத்தட்டி போட்டுப் பிரித்தே வைத்திருந்தார்கள். கூடம் ஊருக்கு, பீடத்தண்டை திருப்பலிக்கு. ஹாட்ஜ் ஹில் கட்டடத்தை 2008-இல் இடித்துவிட்டார்கள். யோசனை மட்டும் ஒவ்வொரு கட்டடக் குழுவிலும் திரும்பத் திரும்ப எழுந்து வருகிறது.

உங்களுக்கு வெகு அருகிலேயே பார்க்க வேண்டிய இடங்கள் இரண்டு இருக்கின்றன. குழுவினரை ஞாயிற்றுக்கிழமை அழைத்துப் போகாதீர்கள், வாரநாள் ஒன்றில் போங்கள்.

முதலாவது, கிழக்கு லண்டனின் பிராம்லி-பை-போ பகுதியில் உள்ள ஆலயம். 1984-இல் ஆண்ட்ரூ மாசன் அங்கே போதகராக வந்தபோது, பெரிய ஆராதனைக் கூடத்தில் பத்துப் பன்னிரண்டு முதியவர்களே மிஞ்சியிருந்தார்கள். சபை செய்த காரியம் துணிச்சலானது. கூடத்தின் நடுவில் விதானம் போன்ற கூரையமைத்து ஆராதனை இடத்தை அதனடியில் சுருக்கிக்கொண்டது. சுற்றியிருந்த பரப்பைக் குழந்தைகள் காப்பகத்துக்குக் கொடுத்தது. கலைஞர்களுக்கு வாடகைப் பணத்துக்குப் பதிலாக, அக்கம்பக்கத்தாருக்குக் கற்றுக்கொடுக்கும் பொறுப்பைத் தந்து பட்டறை இடம் கொடுத்தது. 1997-இல் பக்கத்திலேயே மருத்துவ நிலையம் திறக்கப்பட்டது. இப்படி வளர்ந்த சமுதாய மையத்தின் பெயர் இன்று ஆலயத்தின் பெயரைவிடப் பிரபலம். இதில் நமக்கு வேண்டிய பாடம் அளவு பற்றியது. ஆராதனை இடம் சிறுத்தது, ஆனால் நாற்காலிகளுக்கிடையில் கரைந்து போகவில்லை. விதானத்தின் அடியில் அதற்கென்று ஓர் எல்லை இருந்தது.

இரண்டாவது, போ பகுதியின் ஓல்டு ஃபோர்டில் உள்ள புனித பவுல் ஆலயம். 1878-இல் கட்டிய விக்டோரியா காலச் செங்கல் ஆலயம். ஆபத்தான நிலை என்று 1991-இல் மூடிவிட்டார்கள். 2004-இல் மீண்டும் திறந்தபோது உள்ளே புதிதாக ஒன்று நின்றது: உருக்குக் கால்களின் மேல் தூக்கி நிறுத்திய, மரப்பலகை போர்த்திய பெரிய கூடு. மேத்யூ லாய்டு கட்டடக்கலை நிறுவனத்தின் வடிவமைப்பு. ஊரார் அதைப் பேழை என்கிறார்கள். ஓவியக்கூடம், கூட்ட அறைகள், உச்சியில் உடற்பயிற்சிக் கூடம் எல்லாம் அதற்குள். தரைத்தளத்தில் ஆராதனையும் சிற்றுண்டியகமும். பழைய தூண்களும் வளைவுகளும் அப்படியே நிற்கின்றன. கீழே அமர்ந்து அண்ணாந்து பார்த்தால் கப்பலின் வயிறு தெரியும். இடத்தை அகலவாக்கில் கூறுபோடாமல் உயரவாக்கில் பிரித்ததுதான் இங்கே கெட்டிக்காரத்தனம். பழைய ஆலயங்களில் வீணாகக் கிடப்பது உயரமே. உங்கள் ஆலயம் உண்மையிலேயே இடிக்க வேண்டிய நிலையில் இருக்கிறதா என்பதை இந்தக் கட்டடத்தைப் பார்த்த பிறகு ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

புதிதாகக் கட்டுவதற்கு எனக்கு மிகவும் பிடித்த முன்மாதிரி ஜெர்மனியில் இருக்கிறது. ஃப்ரைபுர்க் நகரின் மேற்கு ஓரத்தில் ரீசல்ஃபெல்டு என்ற பகுதி. நூறாண்டுக்கு அருகாக நகரத்தின் கழிவுநீரைப் பாய்ச்சிய நிலம் அது. 1990-களின் நடுவில் அங்கே ஏறக்குறைய பத்தாயிரம் பேருக்கான குடியிருப்பு எழுந்தது. 1997-இல் டிராம் வந்தது. கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டு சபையாரும் தனித்தனி ஆலயம் கட்டாமல், மரிய மக்தலேனா என்ற பெயரில் ஒரே கட்டடத்தை 2004-இல் திறந்தார்கள். வடிவமைத்தவர் கொலோன் நகரத்துக் கட்டடக்கலைஞர் சுசன்னே கிராஸ்.

வெளியிலிருந்து பார்த்தால் மடித்துவைத்த கான்கிரீட் பாறை. உள்ளே மூன்று பகுதிகள். ஒரு பக்கம் கத்தோலிக்க ஆலயம், இன்னொரு பக்கம் அதைவிடச் சிறிய புராட்டஸ்டண்டு ஆலயம், நடுவே இருவருக்கும் பொதுவான முன்கூடம். ஒவ்வொரு ஞாயிறும் அவரவர் அறையில் அவரவர் ஆராதனை. முடிந்ததும் இரண்டு சபையும் ஒரே முன்கூடத்துக்கு வந்து சேர்கின்றன. பெருவிழா என்றால் நகரும் சுவர்களை ஒதுக்கிவிட்டு மூன்றையும் ஒன்றாக்கலாம். இந்த வரிசையைக் கவனியுங்கள். அன்றாடம் தனி அறைகள், எப்போதாவது ஒரே மண்டபம். உங்கள் குழு யோசிப்பது இதற்கு நேர் எதிர்: அன்றாடம் ஒரே மண்டபம், தேவைப்படும்போது தடுப்பு. அன்றாடத்துக்கு எது வேண்டுமோ அதைக் கெட்டியான சுவராகக் கட்ட வேண்டும், அபூர்வமாக வருவதற்குத்தான் நகரும் சுவர்.

ஏனென்றால் நகரும் சுவர் ஒலியை முழுதாகத் தடுக்காது. விற்பவர் தரும் தாளில் ஐம்பது டெசிபல் ஒலியைத் தடுக்கும் என்று போட்டிருக்கும். அது ஆய்வகத்தில் அளந்தது. உங்கள் கட்டடத்தில் பொருத்தியபின் அந்தத் தடுப்பில் ஐந்திலிருந்து பத்து டெசிபல் குறைந்துவிடும், ஏனென்றால் ஒலி சுவரின் ஊடாக மட்டும் வருவதில்லை. மேல் தண்டவாளத்துக்கு மேலுள்ள வெற்றிடம், தரையின் அடியடுக்கு, பக்கத்து ரப்பர் பட்டை எல்லாவற்றின் வழியாகவும் கசியும். பத்து டெசிபல் என்றால் காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்குச் சத்தம். நம் சபைகளில் கீபோர்டும் தபேலாவும் ஒலிபெருக்கியும் உண்டு. அந்தப் பக்கம் குழந்தைகளின் பிறந்தநாள் விழா, இந்தப் பக்கம் உபவாச ஜெபம் என்றால் மடிப்புச் சுவர் இருவரையுமே காப்பாற்றாது. ஆராதனை அறைக்கும் கூடத்துக்கும் நடுவில் சாமான் அறையையோ நடைபாதையையோ வைத்துவிடுங்கள். விலையுயர்ந்த சுவர் செய்யாத வேலையை அந்த ஆறடி இடைவெளி செய்யும்.

எதிரொலி வேறு விஷயம். பேச்சு தெளிவாகக் கேட்க எதிரொலி ஒரு நொடியை ஒட்டி அடங்க வேண்டும், ஆர்கனும் பாடகர் குழுவும் ஒலிக்க இரண்டு நொடி வேண்டும். ஒரே மண்டபத்தில் இரண்டையும் பெறச் சுவரெல்லாம் திரை கட்டி இழுக்க வேண்டியிருக்கும். தனி அறை கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்து சாமான் அறை. இதைப் பற்றிக் கட்டடக்கலைஞர்களுக்கு ஆர்வமே கிடையாது. செலவைக் குறைக்கும் கூட்டத்தில் முதலில் பலியாவதும் இதுதான். கூடத்தின் பரப்பில் குறைந்தது பத்தில் ஒரு பங்காவது சாமான் அறையாக வேண்டும் என்பது என் கணக்கு. அதுவும் ஒரே பெரிய அறையாக வேண்டாம், பூட்டுள்ள பல சிறிய அறைகளாக இருக்கட்டும். காப்பகத்தின் பொம்மைகள், ஞாயிறு பள்ளியின் வண்ணத்தாள், முதியோர் குழுவின் கேரம் பலகைகள், சபையின் ஒலிபெருக்கிகள் எல்லாம் ஒரே அறையில் கிடந்தால் மூன்றாம் மாதம் மனத்தாங்கல் ஆரம்பித்துவிடும். பகிர்ந்த கட்டடங்களில் இறையியல் சண்டையை நான் அதிகம் பார்த்ததில்லை. அலமாரிச் சண்டை பார்க்காத கட்டடமே இல்லை.

சமையலறைக்கு வருவோம். இங்கே கட்டும் சமுதாயக் கூடங்களில் சமையலறை என்பது தேநீர் போடவும் வீட்டிலிருந்து கொண்டுவந்ததைச் சூடாக்கவும் அமைந்த இடம். நம் சபையில் ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு சோறு போடுவோம். பக்கத்து ஆப்பிரிக்கச் சபையும் வாடகைக்கு எடுத்தால் அவர்களும் பெரிய பாத்திரத்தில்தான் சமைப்பார்கள். நூறு பேருக்குப் பிரியாணி செய்த அண்டாவைக் கழுவ, அது முழுதாக உள்ளே இறங்கும் ஆழத்தில் தொட்டி வேண்டும். இல்லாவிட்டால் வெளித்தோட்டத்துக் குழாயடியில் குந்திக் கழுவ வேண்டிவரும். மசாலா வாசனையையும் நீராவியையும் கூரைக்கு மேலே தள்ளும் புகைபோக்கி வேண்டும். அது முதல் வரைபடத்திலேயே இருந்தாக வேண்டும். மேலே ஐந்து மாடி வீடு கட்டிய பிறகு அதற்கு வழி கிடைக்காது. எரிவாயு அடுப்பா, மின்சார அடுப்பா என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். மின்சாரம் என்றால் அதற்குத் தக்க இணைப்பைக் கேட்டு வாங்க வேண்டும்.

இறுதிச் சடங்கு பற்றி யாரும் பேச மாட்டார்கள், நீங்கள் பேசுங்கள். சவப்பெட்டியைத் தோளில் சுமந்து ஆறு பேர் தெருவிலிருந்து பீடத்தின் முன்வரை திரும்பாமல் வர முடிகிறதா என்று வரைபடத்தில் விரல் வைத்துப் பாருங்கள். முன்கூடத்தில் குறுக்கே காபி மேசை நிற்கிறதா? கதவுக்குப் பின்னால் சட்டென்று ஒரு திருப்பம் இருக்கிறதா? சவ ஊர்தி நிற்க இடம் எங்கே? துக்கத்துக்கு வந்தவர்கள் அழுது முகம் கழுவ, குழந்தைகள் ஓடும் முன்கூடத்தைக் கடக்காமல் கழிப்பறைக்குப் போக முடியுமா? இதற்கெல்லாம் விடை இருந்தால் கல்யாணத்துக்கும் ஞானஸ்நானத்துக்கும் அதே வரைபடம் போதும்.

கதவுகளின் எண்ணிக்கையைச் சட்டமும் தீர்மானிக்கிறது. இங்கிலாந்தின் தீ பாதுகாப்பு வழிகாட்டியின்படி அறுபது பேருக்கு மேல் கூடும் அறைக்கு வெளியேறும் வழி இரண்டு வேண்டும், கதவு வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும். அறுநூறுக்கு மேல் போனால் மூன்று வழி. அறுபதா அறுபத்தைந்தா என்ற முடிவு கட்டடத்தின் மூலை முடுக்கையெல்லாம் மாற்றிவிடும். நூறு பேர் வருவார்கள் என்றால் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

சிலுவையை வெளியில் எவ்வளவு பெரிதாக வைப்பது என்ற கேள்வி கட்டாயம் வரும். கிழக்கு லண்டனின் டவர் ஹாம்லெட்ஸ் போன்ற இடத்தில் அக்கம்பக்கத்தாரில் கணிசமானோர் வங்காளதேச முஸ்லிம்கள். அவர்கள் வரமாட்டார்களே என்று சிலுவையை ஒளித்துவைக்கச் சொல்வார்கள். ஆலயம் ஆலயமாகத் தெரியட்டும், சமுதாயக் கூடத்துக்குப் போகும் வழி அதன் பீடத்தைக் கடக்காமல் இருக்கட்டும். ஒளித்து வைத்த சிலுவைதான் சந்தேகத்தைக் கிளப்பும். ஹாம்புர்க் துறைமுகப் பகுதியைப் புதுப்பித்து எழுப்பிய ஹாஃபன்சிட்டியில் ஏறக்குறைய இருபது சபைகள் சேர்ந்து 2012-இல் ஒரு கூட்டுமையம் திறந்தன. தெருவரிசையில் மற்ற வீடுகளோடு ஒட்டி நிற்கும் செங்கல் கட்டடம். கோபுரம் கிடையாது. ஆனால் சிற்றாலயம் இருக்கும் இடத்தில் செங்கல் முகப்பே வளைந்து கொடுக்கிறது, மணி வெளியே தெரிகிறது. தரைத்தளத்தில் சிற்றுண்டியகமும் சிற்றாலயமும், மேலே வீடுகள். அடக்கமாகவும் இருக்கிறது, அடையாளத்தையும் விட்டுக்கொடுக்கவில்லை.

மேலே வீடுகள் என்றதும் எச்சரிக்கை ஒன்று. கட்டுமான நிறுவனம் உங்களுக்கு ஒதுக்கப் போவது பெரும்பாலும் அடுக்குமாடியின் தரைத்தளமாகவே இருக்கும். குடிவந்தவர் ஞாயிறு காலைப் பாட்டுக்கு எதிராகப் புகார் எழுதுவார். ஏற்கெனவே அங்கே இருக்கும் வழிபாட்டு இடத்தின் ஒலியைச் சமாளிக்கும் பொறுப்பு, புதிதாக வீடு கட்டுபவருடையது என்று இங்கிலாந்தின் தேசியத் திட்டமிடல் கொள்கை 2018 முதல் சொல்கிறது. உங்கள் சபை அங்கே எத்தனை ஆண்டாக இருக்கிறது, எந்தெந்த நேரம் என்ன ஒலி என்பதை இப்போதே எழுதி நகரசபையிடம் பதிவு செய்யுங்கள். இடிபட்ட பிறகு நீங்களும் புதிதாக வந்தவர்களாகக் கருதப்படலாம்.

சூடேற்றுவது பற்றிச் சுருக்கமாக: வாரம் முழுக்கத் திறந்திருக்கும் கட்டடத்துக்குத் தரையடிச் சூடு நல்லது, அது மெல்ல ஏறி மெல்ல இறங்கும். வாரத்தில் இரண்டு மணி நேரம் மட்டும் பயன்படும் அறைக்கு அது வீண். ஆளின் மேல் நேராகப் படும் சூடு போதும். ஆகவே கால அட்டவணை இல்லாமல் இயந்திரத்தைத் தேர்வு செய்ய முடியாது.

சட்டமும் பணமும் இருக்கின்றன. நீங்கள் எந்தத் திருச்சபைப் பிரிவு என்று எழுதவில்லை. இரண்டு சபைப் பிரிவுகள் ஒரே கட்டடத்தைப் பகிர்வதானால் 1969-ஆம் ஆண்டின் ஆலயக் கட்டடப் பகிர்வுச் சட்டம் இருக்கிறது. மில்ட்டன் கீன்ஸ் நகர மையத்தில் ஆங்கிலிக்கன், கத்தோலிக்கம், மெதடிஸ்ட், பாப்டிஸ்ட், ஐக்கிய சீர்திருத்த சபை என ஐந்து பிரிவுகளும் 1992-இல் ஒரே ஆலயத்தைத் திறந்தன. ஆங்கிலிக்கன் ஆலயத்தின் ஒரு பகுதியைக் குத்தகைக்கு விட 2006-இல் வழி செய்தார்கள், மொத்தக் கட்டடமும் முதன்மையாக வழிபாட்டிடமாகவே தொடர வேண்டும் என்ற நிபந்தனையோடு. மெதடிஸ்ட் இடம் என்றால் மதுவுக்குக் கட்டுப்பாடு உண்டு, கூடத்தை வாடகைக்கு எடுக்கும் கல்யாண வீட்டாரிடம் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

வாட் வரியில் பலர் ஏமாந்துபோகிறார்கள். அறப்பணிக்கோ கிராமக் கூடம் போன்ற பயன்பாட்டுக்கோ புதிதாகக் கட்டும் கட்டடத்துக்கு வரி பூஜ்ஜியம். பழையதை மாற்றியமைத்தால் பொதுவாக 20 சதவீதம். பூஜ்ஜிய வரி வாங்கிய கட்டடத்தில் 95 சதவீதப் பயன்பாடாவது அந்த நோக்கத்துக்கு இருக்க வேண்டும். லாபத்துக்கு நடத்தும் காப்பகத்துக்கோ காபிக் கடைக்கோ பெரிய பகுதியைப் பத்து ஆண்டுக்குள் கொடுத்தால் வரியைத் திரும்பக் கட்ட நேரலாம். வாடகை வருமானத்தை நம்பிக் கணக்குப் போடும் குழு, கையெழுத்துக்கு முன் இதற்கென்று வரி வல்லுநர் ஒருவரைப் பார்த்தாக வேண்டும்.

சாவி யாரிடம் என்பதையும் வரைபடத்தோடு சேர்த்தே பேசுங்கள். சபையே நிர்வகித்தால் அக்கம்பக்கத்தார் விருந்தாளிகள் ஆவார்கள், நகரசபை நிர்வகித்தால் சபை வாடகைதாரர் ஆகும். இரண்டு தரப்பும் சேர்ந்த அறக்கட்டளை ஒன்று, அதன் கீழ் சம்பளத்துக்கு முழுநேர மேலாளர் ஒருவர், அவர் மேசை முன்கூடத்தில் வாசலைப் பார்த்தபடி என்பதே நல்ல ஏற்பாடு. தன்னார்வலர்களைக் கொண்டே ஓட்டிவிடலாம் என்பவர்களை நம்பாதீர்கள். அந்தச் சம்பளம் முதல் ஐந்து ஆண்டுக்கு எங்கிருந்து வரும் என்று கட்டுமான நிறுவனத்தோடு செய்யும் ஒப்பந்தத்திலேயே கேளுங்கள். சுவருக்குப் பணம் தருவார்கள், ஆளுக்குத் தரத் தயங்குவார்கள். அழுத்திக் கேட்க வேண்டும்.

கட்டடக்கலைஞரை முதலில் சந்திக்கும்போது அறைகளின் பட்டியலைக் கொடுக்காதீர்கள். ஒரு வாரத்தின் அட்டவணையைக் கொடுங்கள், திங்கள் காலை ஏழு மணியிலிருந்து ஞாயிறு இரவு வரை, எந்த நேரத்தில் யார், எத்தனை பேர், எவ்வளவு சத்தம் என்று. பிறகு சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணியை எடுத்துக்கொண்டு, அந்தப் பக்கம் அடக்க ஆராதனை, இந்தப் பக்கம் குழந்தையின் பிறந்தநாள் என்று வைத்து, இருவரும் எங்கே சந்திக்கிறார்கள் என்று வரைந்து காட்டச் சொல்லுங்கள். அவர் திறமை அதில் தெரிந்துவிடும்.

கடைசியாக, கட்டும் வரிசை. புதிய கட்டடத்தைத் திறந்த பிறகே பழைய ஆலயத்தை இடிக்க வேண்டும் என்று எழுத்தில் வாங்குங்கள். குடியிருப்பு காலியாகும் ஆண்டுகளில் கடைகள் மூடும், அக்கம்பக்கத்தார் வெவ்வேறு இடங்களுக்குப் பிரிந்து போவார்கள். வாராவாரம் திறந்திருக்கும் கதவு பெரும்பாலும் ஆலயக் கதவாகத்தான் இருக்கும். இடம்பெயர்ந்த பழைய குடும்பங்கள் ஞாயிறுதோறும் திரும்பி வந்து ஒருவரையொருவர் பார்ப்பது அங்கேதான். முதலில் இடிப்போம், மூன்றாண்டில் தருகிறோம் என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். வேறு வழியே இல்லாவிட்டால், அதே குடியிருப்பின் எல்லைக்குள் தற்காலிகக் கூடம், அதன் பரப்பு, சமையலறை, வாடகை இல்லை என்ற உறுதி, தாமதமானால் மாதந்தோறும் இழப்பீடு ஆகிய ஐந்தும் ஒப்பந்தத்தில் ஏறிய பிறகு கையெழுத்திடுங்கள்.